பேஸ் அம்பிளிஃபயர்: வால்வா, ட்ரான்சிஸ்டரா, இரண்டும் கலந்ததா?

நெல்லியடி, கரவெட்டிப் பக்கத்தில் திருவிழா மேடைகளிலும் திருமண வீடுகளிலும் பேஸ் கிற்றார் வாசிக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அம்பிளிஃபயர் ஒன்று அனுப்பச் சம்மதித்துவிட்டார், எந்த வகையைக் கேட்பது? அந்தப் பெட்டிக்குள் அவருடைய பல நாள் மேலதிக நேர உழைப்பு இருக்கிறது. பிழையானது வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்புவதும் எளிதல்ல. எனவே ஓசையை மட்டும் பார்க்காமல் மின்சாரம், பாரம், திருத்தும் வசதி மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தெளிவாகக் கேட்கச் செய்யச் சாதாரண கிற்றாரைவிடப் பல மடங்கு வாற் தேவை.

வால்வ் வகையில் சத்தத்தைக் கூட்டும்போது ஓசை மெல்ல மெல்லத் தடிக்கும். பலர் விரும்புவது அதைத்தான். 1969இல் வந்த அம்பெக் எஸ்.வி.ரி. இதற்குப் பெயர்போனது: 300 வாற், 14 வால்வுகள், பேச்சாளர் பெட்டி இல்லாமலே ஏறக்குறைய 40 கிலோ. வால்வுகள் தேய்பவை, மாற்று வால்வுகளையும் வெளியிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் இதை இயக்கினால் உள்ளிருக்கும் ட்ரான்ஸ்போமர் எரியக்கூடும். உள்ளே 400 வோல்றுக்கு மேல் ஓடும். பிளக்கைக் கழற்றிய பின்னும் கப்பாசிற்றர்களில் மின் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது.

ட்ரான்சிஸ்டர் வகையின் அருமை எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது, பற்றரியும் தடைசெய்யப்பட்டது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். சாதாரண டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற் மட்டுமே. ஒரு சிறிய வால்வின் இழையைச் சூடாக்கவே 2 வாற் அளவு போய்விடும். அந்த வானொலிகள் பேசியது ட்ரான்சிஸ்டரால்தான்.

ட்ரான்சிஸ்டர் அம்பிளிஃபயரிலும் இரண்டு வகை உண்டு. பாரமான ட்ரான்ஸ்போமர் உள்ள பழைய ஏ.பி. வகுப்பை அனுபவமுள்ள வானொலி திருத்துநர் பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். புதிய டி வகுப்பில் 500 வாற் தருவதுகூட 3 கிலோவுக்குள் அடங்கும், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். பழுதானால் பலவேளை முழுப் பலகையையும் மாற்ற நேரிடும்.

ஹைபிரிட் என்பது இரண்டும் கலந்தது: முன்பகுதியில் ஓரிரு சிறிய வால்வுகள், பின்பகுதியில் ட்ரான்சிஸ்டர். சிறிய வால்வுகள் பல ஆண்டுகள் உழைக்கும். வால்வின் சாயல் கிடைக்கும், பாரமும் செலவும் குறையும்.

எதை வாங்கினாலும் பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், எங்களுடையது 230. ரொறன்ரோவில் வாங்கியதை அப்படியே இங்கே செருகினால் எரிந்துபோகலாம். லண்டன், பாரிஸ், சூரிச்சிலிருந்து வருபவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஸ்பீக்கரின் ஓம் கணக்கையும் பாருங்கள்: இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம். அம்பிளிஃபயர் தாங்கும் அளவுக்குக் கீழே போகக்கூடாது. தற்காலிக மேடை இணைப்பில் புவித்தொடுப்பு இருக்கிறதா என்று பாராமல் கிற்றாரைத் தொடாதீர்கள்.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு 13 மணித்தியாலங்களைத் தொட்டது. ஜெனரேற்றரில் வாசிக்கும் நாட்கள் இனியும் வரலாம். பெரிய மேடைகளில் பேஸ் ஒலி பொது ஒலிபெருக்கி வழியாகவே சபைக்குப் போகிறது. அதற்கு டி.ஐ. வெளியீடு இருந்தால் மேடையில் 200 வாற் அளவு போதும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேடையே வருமானம் என்றால் 230 வோல்ற் ஏ.பி. வகுப்பு ட்ரான்சிஸ்டர், மோட்டார் சைக்கிளில் கொண்டுதிரிய வேண்டும் என்றால் டி வகுப்பு, வால்வின் ஓசை கட்டாயம் வேண்டுமென்றால் ஹைபிரிட். முழு வால்வ் பெட்டி, நிரந்தர மின்சாரமும் திருத்த ஆளும் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்துக்கே பொருந்தும்.