தமிழ்த் திரைப்படத்தில் இரண்டாம் பாகம்: வரலாறும் வெற்றி தோல்வியும்

ஏற்கனவே வெளியாகி வரவேற்புப் பெற்ற ஒரு படத்தின் கதையையோ பாத்திரத்தையோ களத்தையோ மேலும் கொண்டுசெல்லும் படம் இரண்டாம் பாகம் எனப்படும். முன்கதை சொல்லும் படங்களும், ஒரே கதையைத் திட்டமிட்டு இரண்டாகப் பிரித்து வெளியிடும் படங்களும் தமிழ் வழக்கில் இதற்குள் அடங்கும். 1985இல் தொடங்கிய இம்மரபு 2010க்குப் பின் தமிழ்த் திரைத்துறை பெரிதும் நம்பியிருக்கும் முதலீட்டு வழிகளுள் ஒன்றாயிற்று. முதற்படம் பெற்ற வெற்றியின் அளவைக் கொண்டு இரண்டாவதன் விதியைக் கணிக்க முடியாது என்பதை இதன் வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது. முதற்படம் எதை மிச்சம் வைத்துவிட்டுப் போனது என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. விடை வேண்டி நிற்கும் கேள்வியொன்று மிஞ்சியிருக்கலாம். புதுப்புதுக் கதைகளை ஏற்கக்கூடிய சட்டகமொன்று மிஞ்சியிருக்கலாம். இரண்டுமின்றி நாயகனின் பெயரும் தோற்றமும் மட்டும் மிஞ்சிய படங்களுக்கு எடுக்கப்பட்ட தொடர்ச்சிகள் பெரும்பாலும் முதல் வாரக் கூட்டத்தோடு ஓய்ந்துவிட்டன.

தோற்றம்

அமெரிக்காவில் 'த பர்த் ஒஃப் எ நேஷன்' (1915) படத்துக்கு அடுத்த ஆண்டே தொடர்ச்சி வந்துவிட்டது. தமிழில் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளியான பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியொரு முயற்சி நடக்கவில்லை. இதற்கு இரு காரணங்களைக் கூறலாம். தொடக்ககாலப் படங்கள் புராணங்களிலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் கதை பெற்றன. முடிவு யாவரும் அறிந்ததாக இருந்தமையால் அதற்கப்பால் சொல்ல எதுவும் இருக்கவில்லை. அடுத்து வந்த நட்சத்திரக் காலத்தில் நடிகரே தொடராகிவிட்டார். எம்.ஜி.ஆர். படங்களில் நாயகனின் பெயரும் தொழிலும் மாறினாலும் அவனுடைய குணமும் கடமையும் மாறவில்லை. மீனவனாக வந்தவனே ரிக்‌ஷாக்காரனாகவும் வந்தான் என்று ரசிகர் ஏற்றுக்கொண்டபோது, இன்னொரு தொடர்ச்சிக்குத் தேவையே எழவில்லை.

தமிழின் முதல் இரண்டாம் பாகமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 'ஜப்பானில் கல்யாணராமன்' (1985). ஜி.என். ரங்கராஜன் இயக்கிய 'கல்யாணராமன்' (1979) படத்தில் கமல்ஹாசன் இரட்டை வேடமேற்றார். கொல்லப்பட்ட அப்பாவி இளைஞன் ஆவியாக வந்து தன் சகோதரனின் துணையோடு நியாயம் பெறுவதே கதை. பஞ்சு அருணாசலம் எழுத எஸ்.பி. முத்துராமன் இயக்கிய தொடர்ச்சி, அதே பாத்திரங்களை ஜப்பானுக்குக் கொண்டுசென்று 1985இல் அங்கு நடந்த எக்ஸ்போ கண்காட்சியைப் பின்னணியாக்கியது. முதற்படத்தின் வெற்றியை அது எட்டவில்லை. பழி தீர்ந்ததும் ஆவிக்குத் திரைக்கதையில் வேலை முடிந்துவிட்டது. அதைத் திரும்ப வரவழைக்க வெளிநாட்டுக் காட்சிகளன்றி வேறு காரணம் கிடைக்கவில்லை. பின்னாளில் தவறிய பல தொடர்ச்சிகளிலும் இதே குறையைக் காணலாம்.

இலங்கைச் சூழல்

1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது தென்னிந்தியப் படங்களின் வரவு மட்டுப்பட்டது. அந்த இடைவெளியில் இலங்கைத் தமிழ்ப் படங்கள் தலையெடுத்தன. இவற்றுள் சனரஞ்சகமானது 'கோமாளிகள்' (1976). இலங்கை வானொலியில் ஒலிபரப்பான 'கோமாளிகள் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடரின் திரைவடிவம் அது. மரிக்காராக எஸ். ராமதாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீட் என வானொலிக் குழு அப்படியே திரைக்கு வந்தது. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவரின் மழலைத் தமிழ், பிராமணத் தமிழ் ஆகியன ஓரிடத்தில் சந்தித்து ஒன்றையொன்று தவறாக விளங்கிக்கொள்வதே அதன் இயக்குவிசை. கொழும்பின் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரே மதிலுக்கு இருபுறமும் வாழ்ந்த அயலவருக்கு இது அன்றாடக் காட்சி. வாரந்தோறும் புதுச் சிக்கலைப் போட்டாலும் தாங்கக்கூடிய சட்டகமாக இருந்தமையாலேயே அது வானொலியில் தொடராக நிலைத்தது. அடுத்து வந்த 'ஏமாளிகள்' (1978) இக்குழுவினரையும் பெயரின் ஓசையையும் தொடர்ந்தது, கதையைத் தொடரவில்லை. 1983 ஜூலை வன்செயலில் திரைப்படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. உள்ளூர்த் தமிழ்த் தயாரிப்பும் ஏறக்குறைய நின்றுபோனது. தொடர்வதற்கு முதற்படமே இல்லாத நிலையில் அந்த மரபு அத்தோடு அறுந்தது.

சிங்களத் திரையுலகம் இதற்கு மாறான, நெடிதாக நீண்ட ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவல் வரிசையிலிருந்து லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'கம்பெரலிய' (1963) படத்தை எடுத்தார்; 1980களின் முற்பகுதியில் 'கலியுகய', 'யுகாந்தய' ஆகியன வந்தன. தென்னிலங்கைக் கிராமத்து உயர்குடி சரிந்து, கொழும்பில் வணிக வர்க்கம் எழுந்து, அடுத்த தலைமுறை அதை எதிர்க்கும் வரை நீளும் கதை இது. 'கம்பெரலிய'வில் நந்தாவாகவும் பியலாகவும் நடித்த புண்யா ஹீந்தெனியவும் ஹென்றி ஜயசேனவும் ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின் 'கலியுகய'வில் அதே பாத்திரங்களாகவே முதிர்ந்து வந்தனர். அவர்கள் மணம் முடித்ததோடு முதற்படம் ஓயவில்லை. அவ்வாழ்க்கை எவ்வாறு அமையும் என்ற ஐயம் மீந்திருந்தது. தொடர்ச்சி அதற்கு விடை தேடியது.

கொழும்புத் தமிழ் ரசிகரைப் பொறுத்தவரை, முதற்படங்களின் நினைவைக் காத்தது பெரும்பாலும் வீட்டுத் திரை. வீடியோ நாடாவும் 1998இல் ஒளிபரப்பைத் தொடங்கிய சக்தி தொலைக்காட்சியும் பழைய படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டின. எனவே இரண்டாம் பாகம் படமாளிகைக்கு வரும்போது முதற்படம் காட்சிக்குக் காட்சி மனப்பாடமாயிருந்தது. தமிழ்நாட்டின் கட்சி அரசியலும் ரசிகர் மன்ற வேகமும் இங்கு அதே அளவில் இல்லாததால், பெயருக்காக மட்டும் ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தும் கடப்பாடும் குறைவு.

2010க்குப் பிந்திய பெருக்கம்

இக்காலத் தொடர்ச்சிகளுள் உறுதியாக நிலைத்தவை சட்டகம் சார்ந்தவை. ராகவா லோரன்ஸின் 'முனி' (2007) ஒரு வாய்பாட்டை வகுத்தது: பேய்க்கு அஞ்சும் ஒருவன், அவன் உடலில் புகும் ஆவி, அந்த ஆவிக்கு இழைக்கப்பட்ட அநீதி, அதற்கான பழிவாங்கல். 'காஞ்சனா' (2011), 'காஞ்சனா 2' (2015), 'காஞ்சனா 3' (2019) ஆகியன ஆவியையும் அதன் குறையையும் மட்டும் மாற்றின. சரத்குமார் திருநங்கையாக நடித்த 'காஞ்சனா' முதற்படத்தையே மறக்கடித்தது. சுந்தர் சி.யின் 'அரண்மனை' (2014) வரிசை பாத்திரங்களையும் பெரும்பாலும் கைவிட்டு வீட்டையும் பேயையும் மட்டும் வைத்துக்கொண்டது. மூன்றாம் பாகம் (2021) சோர்ந்தும் நான்காம் பாகம் (2024) அவ்வாண்டின் பெரும் வெற்றிகளுள் ஒன்றாயிற்று. பாகம் கூடக் கூட மதிப்புக் குறையும் என்ற பொதுக்கருத்து இங்கு பொய்க்கிறது. ஹரியின் 'சிங்கம்' (2010) துரைசிங்கம் என்ற பொலிஸ் அதிகாரியை வகுத்தது. அத்தொழிலில் இடமாற்றமும் புதுக் குற்றவாளியும் இயல்பானவை என்பதால் 2013இல் இரண்டாம் பாகம் சிரமமின்றிப் பிறந்தது.

கேள்வி சார்ந்த வகையின் உச்சம் 'பாகுபலி'. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்ற வினாவோடு முதற் பாகம் (2015) முடிந்தது. இரண்டாண்டுகள் அவ்வினா சந்திதோறும் பேசப்பட்டது. இரண்டாம் பாகம் (2017) முதலாவதைப் பன்மடங்கு விஞ்சியது. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022, 2023) இதே முறையில் பிரிக்கப்பட்டும் இரண்டாம் பாகத்தின் வசூல் முதலாவதை எட்டவில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் நாவலை வாசகர் ஏற்கனவே அறிந்திருந்தனர். அருள்மொழிவர்மன் ஈழத்தில் இருக்கும் பகுதியும் வந்தியத்தேவனின் பயணமும் முதற் பாகத்திலேயே தீர்ந்துவிட்டன. வெற்றிமாறனின் 'விடுதலை'யில் வேறொரு சிக்கல். முதற் பாகம் (2023) கான்ஸ்டபிள் குமரேசனின் மனச்சாட்சி பற்றிய வினாவை எழுப்பியது. இரண்டாம் பாகம் (2024) போராளித் தலைவரான வாத்தியாரின் கடந்தகாலத்துக்கு விடை சொன்னது. எழுப்பிய வினா ஒன்று, கிடைத்த விடை வேறொன்று.

பெயர் மட்டும் தொடர்ந்த படங்களின் பட்டியல் நீளமானது: 'சண்டக்கோழி 2' (2018), 'சாமி ஸ்கொயர்' (2018), 'சந்திரமுகி 2' (2023). சென்னை சாந்தி திரையரங்கில் ஈராண்டுக்கு மேல் ஓடிய 'சந்திரமுகி' (2005), பேயென்று தோன்றியதை மனநோயென விளக்கி முடிவு சொன்னது. தொடர்ச்சி அதே பேயை மெய்யான ஆவியாகக் கொண்டுவந்தது. முதற்படத்தின் விடையை அழித்தாலன்றித் தொடர முடியாது என்பதற்கு அதுவே சான்று. இலங்கை ரசிகர் கூர்ந்து கவனித்த 'பில்லா II' (2012) முன்கதையாக வந்தது. டேவிட் பில்லா ஈழத்து அகதியாகத் தமிழ்நாட்டுக் கரையில் இறங்குகிறான். அகதி ஒருவன் ஏன் நிழலுலகுக்குப் போகிறான் என்பது வலுவான வினா. படம் அதைத் தொட்டவுடன் கைவிட்டுத் துப்பாக்கிச் சண்டைகளுக்குள் போனது; அவன் எங்கு போய்ச் சேர்வான் என்பதோ முதற்படமான 'பில்லா'விலேயே (2007) தெரிந்திருந்தது.

மறுப்புகளும் விளக்கங்களும்

முதற்படம் விட்டுச்சென்ற மிச்சமே தொடர்ச்சியின் விதியைத் தீர்மானிக்கிறது என்ற கருத்துக்கு எதிராக மூன்று வாதங்களை முன்வைக்கலாம். முதலாவது, நட்சத்திரமே எல்லாம் என்பது. ரஜினிகாந்தின் '2.0' (2018) பெருந்தொகை வசூலித்தது. அதன் முதற்படமான 'எந்திரன்' (2010) படத்திலோ சிட்டி என்ற ரோபோ பாகம் பாகமாகக் கழற்றப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போய், கதை மூடப்பட்டிருந்தது. ஆயினும் இந்தியாவின் அதிசெலவான படங்களுள் ஒன்றாக '2.0' எடுக்கப்பட்டமையால் வசூலைச் செலவோடு வைத்தே மதிப்பிட வேண்டும். மக்கள் இன்றும் நினைவுகூர்வது முதற்படத்தின் காட்சிகளையே. நட்சத்திரம் முதல் மூன்று நாளை உறுதிசெய்யும். நான்காம் நாளிலிருந்து கதைதான் படத்தைச் சுமக்கிறது. ஒரே கமல்ஹாசன், ஈராண்டு இடைவெளியில் 'விக்ரம்' (2022) படத்தில் பெருவெற்றியும் 'இந்தியன் 2' (2024) படத்தில் பெருந்தோல்வியும் கண்டமை இதைத் தெளிவாக்கும்.

இரண்டாவது, கால இடைவெளியே தோல்விக்குக் காரணம் என்பது. இது பாதி உண்மை. 'விஸ்வரூபம்' (2013) எதிரி தப்பியோடுவதோடு முடிந்தது. கேள்வி இருந்தும், ஐந்தாண்டு தாமதித்து வந்த இரண்டாம் பாகம் (2018) எடுபடவில்லை. கேள்விக்கு ஆயுள் உண்டு, சட்டகத்துக்கு இல்லை. அதனாலேயே 'டிமான்ட்டி காலனி' (2015) படத்தின் இரண்டாம் பாகம் ஒன்பதாண்டு கழித்து வந்தும் வென்றது. 'விக்ரம்' பெயரளவில் 1986 படத்தைத் தொடர்ந்தாலும், அதன் கதைச்சரடு மூன்றாண்டுக்கு முந்திய 'கைதி'யில் (2019) பிடிபட்ட போதைப்பொருளிலிருந்தே புறப்பட்டது. முப்பத்தாறாண்டு இடைவெளியை எவரும் உணரவில்லை. மலையாள 'த்ரிஷ்யம்' (2013) இன்னும் நுட்பமானது. புதைக்கப்பட்ட உடல் பொலிஸ் நிலையத்தின் அடியிலேயே கிடந்ததால், ஆண்டுகள் கழிவது கேள்வியை ஆறவைக்காமல் அச்சத்தை வளர்த்தது. இரண்டாம் பாகம் (2021) அந்தக் காலக் கழிவையே கதையாக்கியது. இதன் முதற் பாகம் தமிழில் 'பாபநாசம்' (2015) எனவும் சிங்களத்தில் 'தர்மயுத்தய' (2017) எனவும் மீளாக்கம் பெற்றது.

மூன்றாவது மறுப்பே வலிமையானது. 'இந்தியன்' (1996) திறந்த முடிவு கொண்ட படம். நாயகன் சேனாபதி தப்பி, வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசுவார். மிச்சம் இருந்தும் 'இந்தியன் 2' ஏன் தோற்றது? விடை, மிச்சத்தின் தன்மையில் இருக்கிறது. முதற்படத்தை உயர்த்தியது இலஞ்சத்தை வெறுக்கும் தந்தை இலஞ்சம் வாங்கிய தன் மகனைக் கொல்வாரா என்ற இக்கட்டு. அவர் கொன்றுவிட்டார், இக்கட்டு தீர்ந்தது. எஞ்சியது ஓர் எச்சரிக்கை மட்டுமே. முதற்படத்துக்கு வசனம் எழுதிய சுஜாதா 2008இல் மறைந்ததும், ஏ.ஆர். ரகுமானுக்குப் பதில் அனிருத் இசையமைத்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவை உண்மையான இழப்புகளே. எனினும் சேனாபதிக்கு இழப்பதற்கு இனி எவருமில்லை என்ற குறையை எந்த எழுத்தாளராலும் எளிதில் ஈடுசெய்திருக்க முடியாது. 'கங்குவா' (2024) போல, இறுதி நிமிடங்களில் புதிய பாத்திரம் ஒன்றைக் காட்டி அடுத்த பாகத்தை அறிவிக்கும் அண்மைக்கால வழக்கத்துக்கும் இது பொருந்தும். அறிவிப்பு ஆவலைப் பிறப்பிப்பதில்லை. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) வெளியான காலத்தில் போதிய வரவேற்பைப் பெறாவிடினும், சோழ இளவரசனைக் காப்பாற்றி அழைத்துச்செல்லும் முடிவு உண்மையான வினாவை எழுப்பியதால், அதன் தொடர்ச்சியை ரசிகர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

மதிப்பீடு

ஒரு படத்துக்குத் தொடர்ச்சி எடுக்கலாமா என்பதை முதற்படத்தின் இறுதிச் சுருளைப் பார்த்தே பெருமளவு கூறிவிடலாம். தீராத இக்கட்டு இருப்பின் விரைந்து எடுக்க வேண்டும். எழுப்பிய வினாவுக்கே விடை தர வேண்டும். சட்டகம் இருப்பின் அவசரம் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய குறையொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் இல்லையெனில் அந்தப் படம் முழுமையடைந்துவிட்டது என்று பொருள். முழுமையான படத்துக்குத் தொடர்ச்சி எடுப்பவர் முதலில் அதன் முடிவைக் குலைக்க வேண்டியிருக்கிறது. முதற்படத்தை நேசித்த ரசிகர் மன்னிக்காததும் அதையே.