விடுபட்ட ஏடு: காசநோய்ச் சோதனையின் வரலாறு

காசநோயை விளைவிக்கும் நுண்கிருமியைத் தாம் கண்டறிந்த செய்தியை 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் வெளியிட்டார். 1890-இல் அக்கிருமியின் சாறாகிய டியூபர்குலினை அந்நோய்க்கு மருந்தென அறிவித்தார். மருந்தாக அது பயன்படவில்லை. தொற்றை அறியும் சோதனைப் பொருளாக நிலைத்தது. சிறிதளவு தோலினுள் செலுத்தினால் தொற்றுடையவரின் தோல் தடித்து வீங்கும்.

ஆனால் டியூபர்குலின் பல புரதங்களின் கலவை. இடர்ப்பாடு அங்கேதான் தோன்றிற்று. பிரெஞ்சு நாட்டின் கால்மெத், கெரேன் என்னும் இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியமிழக்கச் செய்தனர். 1921 முதல் வழங்கப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசி அதுவே. அப்புரதங்களுட் பல அதிலும் இருந்தமையால், தடுப்பூசி பெற்றவரின் தோலும் வீங்கக்கூடும். நோயற்றவர் மாதக்கணக்கில் வீணே மருந்துண்ண நேரிடலாம்.

சுவடி பதிப்பிப்போர் இத்தகைய சிக்கலை நன்கறிவர். பிரதிக்குப் பிரதி எடுக்குங்கால் சில ஏடுகள் விடுபடும். பிற பிரதிகளோடு ஒப்புநோக்கினாலன்றி அது புலனாகாது. கிருமியின் சுவடி அதன் மரபணுத் தொகுதி. பி.சி.ஜி.யில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதை 1996-இல் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். 1998-இல் காசநோய்க் கிருமியின் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. அது ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகளும், 4,000 அளவிலான மரபணுக்களும் கொண்டது. மனிதக் கண் இதனை ஒப்பிட்டு மாளாது. கணினியின் துணைகொண்ட உயிர்த்தகவலியலே அப்பணியை ஏற்றது. நோய்க்கிருமியில் இருப்பவை, தடுப்பூசியில் இல்லாதவை, பிற கிருமிகளில் பெரிதும் காணப்படாதவை என முழுப் பட்டியலையும் சலித்தெடுக்க வழி பிறந்தது.

ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்னும் இரு சிறு புரதங்கள் அவ்விடுபட்ட பகுதிக்குரியவை. நோயாளியின் குருதியோடு இவற்றைச் சேர்த்தால், அக்கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான்-காமா என்னும் பொருளைச் சுரக்கின்றன. பி.சி.ஜி. பெற்றமை இதனைக் குழப்புவதில்லை. இவ்விரு புரதங்களைக் கொண்ட தோற்சோதனையையும் 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஆயினும், உறங்கும் தொற்றையும் உடலை அரிக்கும் நோயையும் இச்சோதனைகள் பிரித்துக் காட்டுவதில்லை. அவ்வேறுபாட்டைச் சொல்லும் புரதத்தைத் தேடியே அறிஞர்கள் இன்றும் அச்சுவடியைப் புரட்டி வருகின்றனர். தடுப்பூசி இழந்ததொன்று பகைவனை அடையாளங்காட்டிற்று. ஒப்புநோக்கும் கல்வியின் பயன் இது.