அரக்கில் பிறந்த பாட்டு

ஐயம்பேட்டைக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள், எத்தனை கலர் விரித்துக் காட்டினாலும், கடைசியில் அரக்கு கலரில் ஒன்று இருக்கிறதா என்று கேட்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் இந்த நெசவு ஊரில் அந்தக் கலருக்கு மவுசு குறைந்ததே இல்லை. இன்று அது ரசாயனச் சாயத்தில் வருகிறது. ரசாயனச் சாயம் வராத காலத்தில் நம் நாட்டில் பட்டுக்குச் சிவப்பு ஏற்றப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று அரக்கு. அதைத் தருவது ஒரு பூச்சி. அதே பூச்சிதான் உலகம் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக் கொண்டாடிய இசைத்தட்டையும் தந்தது.

வினைல் தட்டு சேகரிப்பது இப்போது மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. இளைஞர்கள் இளையராஜாவின் பழைய தட்டுகளைத் தேடி மூர் மார்க்கெட் பக்கம் அலைகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வினைலுக்கு ஒரு முன்னோர் உண்டு. அதன் கதையில் நம் மண்ணுக்கும், குறிப்பாகக் காஞ்சிபுரத்துக்கும், உள்ள பங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு என்று கேட்டால் ஒரு பொட்டலம் மடித்துத் தருவார்கள். கருஞ்சிவப்பாக, சொரசொரவென்று, பொடிந்த குச்சித் துண்டுகளோடு இருக்கும். புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளையில் அரக்குப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தங்களைச் சுற்றிக் கசியவிடும் பிசின் அது. சோட்டா நாக்பூர் காடுகளில்தான் இது மிகுதி. அங்கே கிளையிலிருந்து சுரண்டி எடுத்து, நொறுக்கி, தண்ணீரில் அலசுவார்கள். அலசிய தண்ணீர் சிவப்பாக ஓடும். அதுதான் சாயம். தங்கிய மணிகளைக் காயவைத்து, பல அடி நீளமுள்ள துணிப்பையில் திணித்து, நெருப்புக்கு முன்னால் பிடித்து முறுக்குவார்கள். பிசின் உருகித் துணிவழியே கசியும். அதைச் சூடு ஆறுவதற்குள் ஒரு தொழிலாளி இரண்டு கையாலும் இரண்டு காலாலும், பல்லாலும்கூடப் பிடித்து இழுத்து, கண்ணாடித் தாள் போல மெல்லிசாக விரிப்பார். ஆறியதும் நொறுக்கினால் அவலரக்கு. நம் ஊர்த் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறார்களே, அதே அவலரக்கு. சாயத்தின் மதிப்பு ரசாயனத்தால் சரிந்த பிறகும் பிசினுக்கு மதிப்பு இருந்தது. 1890களில் அதற்கு ஒரு புது வேலை வந்தது.

ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து அமெரிக்கா போன எமில் பெர்லினர் 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதற்குப் பத்து வருஷம் முன்பே எடிசன் குரலைப் பதித்துக் காட்டிவிட்டார். ஆனால் எடிசனுடையது உருளை. உருளையை ஒன்றைப் பார்த்து ஆயிரமாக நகலெடுப்பது கஷ்டம். பெர்லினரின் தட்டையான வட்டுக்கு அந்தச் சங்கடம் இல்லை. மூலத் தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்தால் போதும், அடை தட்டுவது போல எத்தனை வேண்டுமானாலும் அழுத்தி எடுக்கலாம். எதை அழுத்துவது என்பதுதான் கேள்வி. முதலில் கெட்டி ரப்பரில் செய்தார். அது சீராக அமையவில்லை. பிறகு, பித்தான் செய்துகொண்டிருந்த ஒரு அமெரிக்க கம்பெனி அரக்குக் கலவையில் பித்தான் வார்ப்பதை அறிந்து, அவர்களிடமே தட்டையும் செய்யக் கொடுத்தார். அரக்குத் தட்டு பிறந்தது இப்படித்தான்.

அதில் அரக்கு ஒரு பங்குதான். மீதி கல்மாவு, புகைக்கரி, கொஞ்சம் பஞ்சு இழை. அரக்கின் வேலை இவை எல்லாவற்றையும் பிடித்துவைத்து, சூட்டில் இளகி, அச்சிலுள்ள மயிரிழைப் பள்ளத்தை அப்படியே வாங்கிக்கொள்வது. பழைய தட்டு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கனமாக இருக்கும். விளிம்பில் நகத்தால் தட்டினால் ஓடு போலச் சத்தம் வரும். வெளிச்சத்தில் பள்ளம் எங்கும் ஒரே மாதிரி மின்னாது. குரல் ஓங்கும் இடத்தில் ஒரு சாயல், அடங்கும் இடத்தில் வேறொரு சாயல். ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டையின் துளைகளைப் பார்த்தே அடுத்து என்ன புட்டா விழும் என்று சொல்லும் தறிக்காரரைப் போல, பழகிய சேகரிப்பாளர் தட்டைப் பார்த்தே பாட்டு எங்கே ஏறுகிறது என்று சொல்லிவிடுவார்.

1902இல் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்து இறங்கினார். அங்கே பாடகி கவுஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரையும் சொன்னார். மெழுகில் பதித்த அந்த மூலங்கள் கப்பலேறி ஹனோவர் ஆலைக்குப் போய், அங்கே தட்டாகித் திரும்பி வரவேண்டும். அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் பெயர் சொல்லும் வழக்கம். தமிழ்நாட்டுப் பழைய தட்டுகள் சிலவற்றிலும் கடைசியில் இப்படி ஒரு குரல் கேட்கும். எனக்கு அந்த இரண்டு வினாடி பாட்டுக்குச் சமானம். ஒரு பெண் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லி வரலாற்றில் பதிவு செய்துகொள்கிறாள்.

நான் ‘பெண்’ என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. முதல் இருபது வருஷம் தட்டில் பாடத் துணிந்தவர்களில் பெரும்பாலோர் தேவதாசி மரபில் வந்த கலைஞர்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்னம்மாள், கோயம்புத்தூர் தாயி என்று அந்த வரிசை நீளம். பெரிய வித்வான்கள் பலர், பாட்டை ஒரு பெட்டிக்குள் அடைத்தால் குரல் போய்விடும், மதிப்பு போய்விடும் என்று ஒதுங்கி நின்றார்கள். அந்தத் தயக்கத்தில் நமக்கு இழப்பானது கொஞ்சமல்ல. கோயம்புத்தூர் தாயியின் குரலில் சொக்கிப்போன பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், அதன் சாயலைத் தன் இசையிலும் கொண்டுவந்தார். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் மறந்துவிட்டது.

காஞ்சிபுரம் இந்தக் கதையில் நுழைவது இங்கேதான். ஒரே குடும்பத்தில் இரண்டு தீர்மானம். காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அக்காலத்தில் பெயர் பெற்ற பாடகி. அவர் கிராமபோனுக்குப் பாடினார். அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளின் மகன்தான் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை. 1889 முதல் 1934 வரை வாழ்ந்தவர். தாளத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களை மேடை நிறைய உட்கார வைத்துப் பாடுவார். தியாகராஜர் உற்சவத்தைக் காஞ்சிபுரத்தில் பெரிய அளவில் நடத்தினார். அவர் தட்டில் பாட மறுத்துவிட்டார். தாயின் சகோதரியின் குரல் தட்டில் இருக்கிறது. பிள்ளையின் குரல் இல்லை.

அவர் மறுத்ததை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிஷம் சொச்சம். 1925க்கு முன் மைக்கும் கிடையாது. பெரிய தகரப் புனலுக்குள் தலையை நீட்டிப் பாடவேண்டும். எடுப்பான குரலைப் புனல் விழுங்கிக்கொள்ளும், மிருதங்கத்தின் தொப்பிச் சத்தத்தை விட்டுவிடும். பல்லவியை மணிக்கணக்கில் விரித்து, ஒவ்வொரு பக்கவாத்தியத்துக்கும் இடம் கொடுத்துப் பாடியவரின் கச்சேரியில் அந்தப் புனல் எதைப் பிடித்திருக்கும்? ஆனாலும், அந்த மூன்று நிமிஷமாவது இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. தட்டு முழுக் கச்சேரி ஆகாதுதான். ஆனால் அவர் குரலின் நிறம் என்ன என்று சொல்ல இன்று அதைத் தவிர வேறு சாட்சி ஏது?

நயினாப் பிள்ளையின் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு சிறுமி இந்தக் கணக்கை வேறு மாதிரி போட்டாள். தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள், 1919இல் பிறந்தவர். தாமல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். அந்தணர் குடும்பத்துப் பெண்கள் மேடையேறவே யோசித்த காலத்தில் அவர் இளவயதிலேயே தட்டிலும் பாடினார். அப்போது தட்டு வியாபாரம் உச்சத்தில் இருந்தது. கிராமபோன் கம்பெனி 1908இலேயே கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை தொடங்கிவிட்டதால் தட்டுகள் இங்கேயே தயாராயின. 1928இல் டம்டம் ஆலையும் வந்தது. சோட்டா நாக்பூர் அரக்கு கடல் தாண்டாமல் பக்கத்திலேயே தட்டாயிற்று. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். கோயில் வீதியில் விடியவிடியக் கேட்ட நாகஸ்வரம், ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டாகக் கடையில் விற்றது. சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தித் தட்டு விற்ற மெய்யப்ப செட்டியார்தான் பிறகு ஏவி.எம். ஆனார். பாரதி பாடல்களைத் தட்டில் பதிக்கும் உரிமையை 1940களில் அவர் விலைக்கு வாங்கினார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியைப் பாடியவர் பட்டம்மாள். 1949இல் அந்த உரிமை அரசுக்குப் போனது. ஒரு மகாகவியின் பாட்டுரிமைக் கதைக்குள் இசைத்தட்டு நிற்கிறது என்பது தட்டு எவ்வளவு பெரிய சக்தியாக இருந்தது என்பதைக் காட்டும்.

வினைல் பரவியதற்கும் அரக்கு ஒரு காரணம், அதாவது அரக்குத் தட்டுப்பாடு. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து அரக்கு போவது சிரமமாயிற்று. அமெரிக்க அரசு 1942இல் அரக்குக்குக் கட்டுப்பாடு விதித்தது. கம்பெனிகள் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி, அரைத்துப் புதுத் தட்டு செய்தன. போர்முனை வீரர்களுக்கு அனுப்பிய ‘வி டிஸ்க்’ தட்டுகளை 1943 முதல் வினைலைக் கொண்டு செய்யத் தொடங்கினார்கள். அது உடையவில்லை, இரைச்சலும் குறைவு. கல்மாவு இல்லாத வழவழப்பில் பள்ளத்தை இன்னும் நெருக்கமாக வெட்டலாம் என்று தெரிந்தது. 1948இல் கொலம்பியா கம்பெனி நிமிஷத்துக்கு 78 சுற்றை 33⅓ ஆகக் குறைத்து எல்.பி. வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல். நயினாப் பிள்ளை கேட்டிருக்கக்கூடிய நேரம் அவர் மறைந்து 14 வருஷம் கழித்து வந்தது.

அந்த நீளத்தால்தான் 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் முழுசாக ஒரு தட்டில் அமர்ந்தது. 1966இல் ஐ.நா. சபையில் பாடுவதற்கென்று காஞ்சிப் பெரியவர் எழுதிக் கொடுத்த பாட்டும் தட்டில் கிடைக்கிறது. மைக் செட்காரர் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி முதலில் போடுவது சுப்ரபாதமாகத்தான் இருக்கும். தறி ஓட்டும் வீடுகளில் விடியற்காலை வேலை தொடங்கும்போது தெருவுக்கே அது கேட்கும். தட்டு, கேஸட், சி.டி., இப்போது பென் டிரைவ் என்று சாதனம் மாறினாலும் பதிவு அதேதான்.

இனி வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். காஞ்சிபுரம், ஐயம்பேட்டை, வாலாஜாபாத் பக்கம் பழைய வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள். பரணில் தட்டு இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அரக்குத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிற்க வையுங்கள். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாரதக் கூத்தில் அரக்கு மாளிகை எரிவதைப் பார்த்தவர்களுக்கு அது சூட்டைத் தாங்காது என்று சொல்லவேண்டியதில்லை. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கவே கூடாது. அவலரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட் தட்டையும் கரைத்துவிடும். ஆசைக்குக்கூடப் பழைய கிராமபோனில் வைத்து ஓட்டாதீர்கள். அதன் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் கனத்து எஃகு ஊசியால் பள்ளத்தைத் தேய்க்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றினார்கள். 78க்கென்று தனி ஊசி பொருத்திய இன்றைய பிளேயரில் சில கிராம் பாரம் போதும். எல்.பி. ஊசி இதற்குச் சரிவராது. அதன் முனை சின்னது, பள்ளத்தின் அடியில் போய் உரசும்.

முதல் வேலையாக லேபிளையும், லேபிளை ஒட்டி அரக்கில் கீறியிருக்கும் எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தட்டு, எப்போது பதிவானது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். மும்பையில் 1990 முதல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். லேபிளில் தனகோடி அம்மாள் என்று பெயர் இருந்தால், தயவுசெய்து அதை உடைந்த தட்டாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.