பெயர் நீக்கிய ஏடுகள்

எங்கள் ஊருக்குச் செல்லும் பழைய வண்டிப்பாதையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு குத்துக்கற்கள், அவற்றின்மேல் கிடையாக ஒரு பலகைக்கல். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கிவைக்க இத்தகைய கல்லை நாட்டுவது நம் மரபு. நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும் பொறிக்கப்படும். இந்தக் கல்லிலோ எழுத்து ஏதுமில்லை. இது யாருக்காக நடப்பட்டது என்பதை அறிந்தவர் இன்று ஊரில் எவருமில்லர். ஆயினும் அவள் இறப்பு, அவளை அறியாத எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறது.

பெயரை விலக்கிவிட்டு இறப்பைப் பிறர்க்குப் பயன்படச் செய்த ஏற்பாடு ஒன்று இங்கிலாந்தின் வரலாற்றிலும் உண்டு.

1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ நான்கு தாய்மார் இறந்தனர். குழந்தை இறப்பு குறைந்துவந்த காலத்தில் இது மட்டும் குறைய மறுத்தது. சுகாதார அமைச்சக மருத்துவரான ஜேனட் கேம்பல் 1924இலேயே இதைச் சுட்டிக்காட்டி அறிக்கை எழுதினார். 1928இல் ஒரு குழு அமைந்தது. ஆராயப்பட்ட இறப்புகளுள் ஏறக்குறையப் பாதியில் தவிர்த்திருக்கக்கூடிய காரணம் இருந்ததாக 1932ஆம் ஆண்டின் இறுதி அறிக்கை கூறியது. பின்னர் சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் இரத்தம் செலுத்தும் வசதியும் வந்தன. இறப்பும் வேகமாகச் சரிந்தது. எஞ்சிய இறப்புகள் ஒவ்வொன்றையும் ஆராய்வதற்காக 1952இல் 'இரகசிய விசாரணை' தொடங்கிற்று. 1952 முதல் 1954 வரையிலான முதல் அறிக்கை 1957இல் வெளிவந்தது.

தண்டிப்பது இதன் நோக்கமன்று. தாய் ஒருத்தி இறந்தால் மருத்துவச்சியும் மருத்துவரும் நடந்ததை எழுதித் தரவேண்டும். மூத்த வல்லுநர்கள் அதை ஆராய்வார்கள். எழுதியவை வேறெவர் கைக்கும் செல்லா. அறிக்கையில் பெண்ணின் பெயரோ ஊரோ மருத்துவமனையோ இராது. பிற்காலத்தில் அறிக்கை முடிந்ததும் மூல ஏடுகள் அழிக்கப்பட்டன. "என் தவறு" என்று எழுதத் தயங்கும் கைக்கு இந்த உறுதிமொழி துணிவளித்தது.

அந்தத் துணிவு பலன் தந்தது. மயக்கநிலையில் இரைப்பையிலுள்ளவை மேலேறி மூச்சுக்குழலில் புகுந்து பெண்கள் இறந்ததையும், அனுபவமற்ற இளம் மருத்துவர்கள் தனியே மயக்கமருந்து கொடுத்ததையும் அறிக்கைகள் மும்மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுத்துரைத்தன. நடைமுறைகள் மாறின. 1990களில் அவ்வகை இறப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின.

எனினும் இதில் ஒரு நெருடல் உண்டு. இறந்தவளின் கணவனும் தாயும் என்ன நடந்தது என்று கேட்டால், அந்த ஏடுகள் அவர்களுக்கு மறுமொழி சொல்லா. நீதிமன்ற வழிகள் தனியே இருந்தன என்பது உண்மையே. ஆனாலும் மிகத் தெளிவான வாக்குமூலம் அவர்களுக்கு எட்டாத இடத்தில் இருந்து, பின்பு சாம்பலாயிற்று. வரலாற்றாசிரியனுக்கும் இழப்புதான்.

இம்முறையைப் பின்பற்றிக் கேரளத்தின் மகப்பேறு மருத்துவர்கள் 2004இல் தங்கள் இரகசிய ஆய்வைத் தொடங்கினர். இந்திய அரசின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் வேறொரு வாயிலையும் திறந்தன. மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வில் இறந்தவளின் உறவினரும் அழைக்கப்பட்டுத் தாம் கண்டதைச் சொல்லலாம். தண்டனைக்காக அன்று, திருத்தத்துக்காக என்பதே அங்கும் விதி.

என் பாட்டியின் தமக்கை பேறுகாலத்தில் இறந்தவர். "தலைப்பிரசவத்தில் போய்விட்டாள்" என்னும் ஒரே வாக்கியம்தான் எங்கள் வீட்டில் எஞ்சியிருக்கிறது. அதில் இரகசியம் எதுவுமில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவே. கேட்டறிந்து, பெயரை மட்டும் மறைப்பது ஒருவகை மரியாதை. கேளாமலே விடுவதும், அறிந்த பாடத்தையும் பெயரோடு சேர்த்துப் புதைப்பதும் வேறு. பெயர் மறைந்தாலும் கல் பாதையோரத்தில் நின்றால்தானே சுமையை இறக்கிவைக்க முடியும்?