ஊட்டிக்குப் போகிறீர்களா? சல்லிவனையும் பார்த்து வாருங்கள்

கோடை விடுமுறைக்கு ஊட்டி செல்லவிருக்கும் நம் குடியிருப்பு அன்பர்களே! படகுத்துறை, தாவரவியல் பூங்கா, மலை ரயில், தொட்டபெட்டா எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கும். அவற்றோடு, இந்த ஊர் உருவான கதையையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி மலைக்கு வந்தார். 1822-ல் உதகையில் தமக்கொரு கல் வீடு கட்டத் தொடங்கினார். ஊரின் முதல் பங்களா அதுதான். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது.

ஏரியும் அவர் வெட்டியதே. ஓடைகளுக்கு அணை போட்டு 1823 முதல் 1825 வரை உருவாக்கினார். அப்போது அது இன்றைவிடப் பெரியது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் பழைய ஏரிப் பரப்பில்தான் வந்தன. ஆக, நீங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும் இடமே ஒரு காலத்தில் தண்ணீர்!

தாவரவியல் பூங்காவின் தொடக்கம் நமக்குப் பழக்கமான விஷயம்தான். அங்கிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, மலிவாகக் காய்கறி பெறத் தோட்டம் வைத்தார்கள். நம் மாதப் பராமரிப்புக் கட்டணம் போலத்தான்! அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. பிறகு 1848-ல் வந்த மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் அதைப் பூங்காவாக மாற்றினார்.

அடுத்து புனித ஸ்டீபன் தேவாலயம். 1829-ல் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டர் அன்று வழிபாட்டுக்குத் திறந்தார்கள். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். அந்த உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து மலையேற்றிக் கொண்டுவந்த மரங்கள்.

பின்புறச் சரிவில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்கும் அவசியம் செல்லுங்கள். சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் அங்கே உறங்குகிறார்கள். இருவரும் 1838-ல் அடுத்தடுத்து இறந்தவர்கள். மூன்று ஆண்டுகளில் சல்லிவன் இந்தியாவை விட்டே போய்விட்டார்.

வங்கியில் வேலை பார்த்த எனக்கு எதிலும் இரண்டு பக்கமும் பார்த்தால்தான் கணக்கு நேராகும். இந்த மலை ஆளில்லாத காடாக இருக்கவில்லை. தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகள் இவை. சல்லிவன் அவர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார். அதே சல்லிவன்தான், இந்த நிலத்தின் உரிமை தோடர்களுக்கே என்று தம் மேலிடத்தோடு வாதாடியவரும். அந்த வாதம் எடுபடவில்லை. ஊர் வளர வளர அவர்கள் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. தாவரவியல் பூங்காவுக்கு மேலே இன்றும் ஒரு தோடர் மந்து இருக்கிறது. அது காட்சிப்பொருள் அல்ல, மக்கள் குடியிருக்கும் இடம். அனுமதி கேட்டுச் செல்லுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

கடைசியாக இரண்டு குறிப்புகள்: சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை இருப்பதால், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு செல்லுங்கள்.