சந்தையின் உருவும் உயிரும்

பழங்கட்டடங்களைப் பேணுதல் என்றவுடன் கோயிலும் பள்ளிவாசலும் அரண்மனையுமே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் நாள்தோறும் மீனும் காய்கறியும் வாங்கிய சந்தைகளை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. ஆயினும், ஒரு நகரத்தின் வரலாற்றில் சந்தைக்குரிய இடம் சிறிதன்று.

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் சந்தை இதற்குத் தக்க சான்றாகும். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் எண்கோண வடிவில் அமைத்த சந்தை, கடலோரத்தில் 1838ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணியின்பொருட்டு 1879இல் அது இடிக்கப்பட்டது. பின்னர், நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சி, தூர்க்கப்பட்ட நிலத்தில் புதிய சந்தையை எழுப்பினார். அது 1894இல் நிறைவுற்றது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்ட இரும்புப் பகுதிகள் அதற்காகக் கப்பலேறி வந்தன. இடமும் கட்டுமானப் பொருளும் மாறியபோதிலும், கோல்மன் வகுத்த எட்டுப் பக்க அமைப்பை மெக்ரிச்சி கைவிடவில்லை.

1973ஆம் ஆண்டு இச்சந்தை உணவங்காடியாக மாறியது. அதே ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. 1986இல் பெருவிரைவு ரயிலுக்கான சுரங்கப் பணியை முன்னிட்டு, இரும்புச் சட்டகம் பகுதி பகுதியாகக் கழற்றிப் பாதுகாக்கப்பட்டது. அப்பகுதிகளைச் செப்பனிட்டு, மீண்டும் அதே இடத்தில் பொருத்தும் பணி 1989இல் நிறைவெய்தியது. 2014இலும் அது புதுப்பிக்கப்பட்டது.

இன்று அங்கே மீன்கடையும் காய்கறிக்கடையும் இல்லை. ஆயினும் மக்கள் அதனை ‘லாவ் பா சாட்’ என்றே அழைக்கின்றனர். ஹொக்கியன் மொழியில் ‘பழைய சந்தை’ என்பது இதன் பொருள். ‘பா சாட்’ என்பது மலாய்ச் சொல்லாகிய ‘பாசார்’ என்பதன் திரிபு. தமிழில் வழங்கும் ‘பஜார்’ என்பதற்கும் அதற்கும் மூலம் பாரசீகமே. கட்டடம் கைமாறியதுபோலச் சொல்லும் மொழிகள்தோறும் கைமாறி வந்திருக்கிறது.

தேக்காவின் கதை இதற்கு நேர்மாறானது. 1915இல் எழுந்த பழைய சந்தைக் கட்டடம் 1982இல் இடிக்கப்பட்டது. ஆனால், வாணிகம் சாலையின் மறுபுறத்துப் புதிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்து இன்றளவும் தழைக்கிறது. ஓரிடத்தில் உருவம் எஞ்ச, வாணிகம் மறைந்தது. மற்றோரிடத்தில் வாணிகம் எஞ்ச, உருவம் மறைந்தது.

இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது அரிது. ஆகவே, புதுப்பிக்க முனைவோர் கட்டடத்தின் தனிப்பண்பு எதுவென முதலில் தெளிதல் வேண்டும். தெலுக் ஆயரில் அப்பண்பு, காற்று உலவும் திறந்த பக்கங்களிலும், எத்திசையிலிருந்தும் எவரும் நுழையத்தக்க எண்கோணத்திலும் அமைந்துள்ளது. அதனைச் சுவரெழுப்பி அடைத்திருப்பின், இரும்புத் தூண்கள் அனைத்தும் எஞ்சியிருந்தாலும் சந்தை எஞ்சியிராது. விற்கும் பொருள் மாறிய பின்னும் பலதிறத்து மக்கள் ஒரே கூரையின்கீழ் அருகருகே அமர்ந்து உண்கின்றனர். சந்தையின் உயிரில் ஒரு பகுதியேனும் அவ்வழியில் காக்கப்பட்டது எனலாம்.