தொகுதி தனி, வியூக அறை யாருடையது?

அத்திப்பட்டு வாக்காளர் சட்டமன்றத்துக்குப் பொன்னேரியிலும் மக்களவைக்குத் திருவள்ளூரிலும் வாக்களிக்கிறார். இரண்டும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். அனல்மின் நிலையமும் இரு துறைமுகங்களும் சூழ்ந்த இப்பகுதியில் வேட்பாளர் யார், விரிவாக்கத்துக்கு அனுமதி பெறுவது எப்படி என்று கட்டணத்துக்கு வகுத்துத்தரும் தொழிலே அரசியல் ஆலோசனையும் லாபியும். அதில் சேரலாமா என்று எங்களிடம் கேட்கும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் இத்தொழில் புதிதன்று. 2016 தேர்தலில் பாமகவின் ‘மாற்றம், முன்னேற்றம், அன்புமணி’ பரப்புரையை வடிவமைத்தவர் ஜான் ஆரோக்கியசாமி. 2020 பிப்ரவரியில் பிரசாந்த் கிஷோரின் ஐ-பேக் நிறுவனத்தோடு திமுக கைகோத்தது. முழக்கமும் சமூக ஊடகமும் வெளியே தெரிபவை. உள்ளே நடப்பது வாக்குச்சாவடி வாரியான சாதிக் கணக்கும், அதன்மேல் எழும் ‘வெற்றி வாய்ப்பு’ப் பட்டியலும்தான். தனித்தொகுதியிலும் பெரும்பாலான வாக்காளர்கள் தலித் அல்லாதோரே. ஆகவே அங்கே ‘வெற்றி வாய்ப்பு’ என்பதற்கு, அவர்களை உறுத்தாத தலித் என்பதே நடைமுறைப் பொருள் என்று கருதுகிறோம்.

இச்சிக்கலை அம்பேத்கர் முன்பே கண்டிருந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தின்படி, ஒவ்வொரு தனித்தொகுதிக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் முதலில் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வரிலிருந்தே பொதுவாக்காளர் ஒருவரைத் தேர்வர். இறுதிச் சுற்றில் தோற்றாலும், முதற்சுற்றில் யாரை நம் மக்கள் விரும்பினர் என்பது பதிவாயிற்று. 1946இல் அந்த முதற்சுற்று முடிவுகளைக் காட்டியே அவர் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் வாதிட்டார். குடியரசில் அம்முறை இல்லை. இடஒதுக்கீடு தொகுதியோடு நின்றுவிட்டது. அன்று வாக்குப்பெட்டி சொன்னதை இன்று வெளியிடப்படாத கருத்துக்கணிப்பு சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய்; கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. ஆலோசனை நிறுவனத்துக்கான கட்டணம் இந்த வாசல் வழியாகவே போகிறது. லாபியைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி லாபி செய்வோர் பதிவு செய்துகொண்டு, யாருக்காக, எதற்காக என்று அறிக்கை தரவேண்டும். இந்தியாவில் அத்தகைய பதிவேடு இல்லை. ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7அ பிரிவு உண்டு: அரசு ஊழியரைத் தனிப்பட்ட செல்வாக்கால் முறைகேடாகச் செயல்பட வைப்பதற்குப் பணம் பெற்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. ஊரில் ‘ஆள் பிடிப்பது’ என்பார்களே, அது பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியே நடக்கிறது.

வழக்கறிஞராகப் பதிவுசெய்தவர் இந்நிறுவனங்களில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால், இந்திய பார் கவுன்சிலின் 49ஆவது விதிப்படி தொழிலை நிறுத்திவைக்கவேண்டும். பலர் இதை அறியாமலே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றனர். சேரவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பட்டியல் தயாராகும் அறையில் நம்மவர் இல்லாதது தூய்மையன்று, இழப்பு.

அதே திறமைக்கு வேறோர் இடமும் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22இல் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5க்கு அறிவித்த கூட்டமும் அவ்வாறே. நிறுவனம் கோட்டையில் யாரைச் சந்தித்தது என்பதற்குக் குறிப்பேடு கிடையாது. ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இத்தகைய கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாகவேண்டும். நடவடிக்கைக் குறிப்பை முடிவில் மக்கள்முன் படித்து, அவர்கள் மொழியில் விளக்கியபின் அன்றே ஆட்சியர் கையொப்பமிடவேண்டும். தாம் பேசியது குறிப்பில் விடுபட்டால், கையொப்பத்துக்கு முன்பே எழுந்து திருத்தம் கேட்க ஒவ்வொருவருக்கும் வழி உண்டு. அடுத்த கூட்டம் அறிவிக்கப்படும்போது, அந்தப் பத்தியை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.